வாய்க்குள் என்ன போனது?

மயக்க மருந்துப் பயிற்சிக்கு வந்த புதிதில், முதுகுத்தண்டில் ஊசி போடுவதும் மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்குவதும்தான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிட்டது. எனக்கு நாளெடுத்தது ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழகுவதற்குத்தான்.

திருகோணமலையில் பயிற்சியின் ஆரம்ப மாதங்கள். மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ஹேர்னியா சத்திரசிகிச்சைக்காக விடியவே வந்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"இல்லைப் பிள்ளை. ராவுக்குப் பிறகு சோத்துல கை வைக்கல்ல."

சரி என்று எழுதிக்கொண்டேன். தியேட்டருக்குள் எடுக்கும் நேரத்தில் எங்கள் நிபுணர் வந்து அவருடைய கையைப் பிடித்தபடி கேட்டார்: "காலையில எழும்பினதில இருந்து வாய்க்குள்ள என்னென்ன போனது?"

"ஒரு பால்தேத்தண்ணி. ரெண்டு பிஸ்கட். அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. மிஞ்சினால் பிட்டு, இடியப்பம். தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்ட நான்தான் பிழையாகக் கேட்டிருந்தேன்.

முழு மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடும். இரைப்பையில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் அமிலம் அதைப் புண்ணாக்கும். கட்டியாக இருந்தால் மூச்சே அடைபடும். 1946இல் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் மெண்டல்சன் 44,016 கர்ப்பிணிகளின் பதிவுகளைப் பார்த்து, 66 பேருக்கு இப்படி நேர்ந்ததாக எழுதினார். அவர்களில் இருவர் இறந்துபோனார்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த பானத்துக்கு 2 என்று இன்று நாங்கள் கணக்குப் பார்ப்பது இந்தப் பயத்தால்தான். மாட்டுப்பால் வயிற்றில் திரைந்து கெட்டியாவதால் அது திட உணவோடு சேரும். அதாவது பிளேன்டீக்கும் பால்தேத்தண்ணிக்கும் நடுவில் 4 மணி நேரம் இருக்கிறது. இந்த எண்களெல்லாம் அன்று காலையும் எனக்குத் தெரிந்துதான் இருந்தன.

ஐயாவின் சத்திரசிகிச்சையைப் பின்னேரத்துக்கு மாற்றினோம். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலிருந்து பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தாய் வந்தார். "நான் நோன்புதான் மகள்" என்றார். கேட்டதும் வயிறு காலி என்றே தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து, "ஸஹருக்கு என்ன உம்மா சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். நாலரை மணிக்குச் சோறும் இறைச்சியும். லிஸ்டில் அவர் பெயர் எட்டரைக்கு இருந்தது. கடைசிக்குத் தள்ளினோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயத்தில் "இரவு பத்துக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்" என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருகோணமலை வெயிலில், லிஸ்டின் கடைசியில் இருக்கும் ஒரு முதியவர் மதியம்வரை நாக்கு வறண்டு கிடப்பார். சீனி வருத்தம் உள்ளவருக்கு அது ஆபத்தும்கூட. இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதை நாமே போய்ச் சொல்ல வேண்டும். அதற்காகவே முதல் நாள் மாலை வார்டுக்குப் போகிறேன். கொழும்பில் எம்.டி. பரீட்சைக்குப் படித்த பெரிய பாடங்கள் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை இந்தப் பத்து நிமிடமும்.

போன மாதம் என்னோடு வார்டுக்கு வந்த பயிற்சி மருத்துவர் ஒரு பாட்டியிடம் நான் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஒண்டும் இல்லைத் தம்பி. வெத்திலை மட்டும் போட்டனான்."

"எத்தனை வருசமாப் போடுறீங்க அம்மம்மா?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து."

அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "எங்க, வாயை நல்லா ஆவெண்டு திறங்கோ" என்றார். நெடுங்காலம் பாக்கு மென்றால் கன்னத்தின் உட்பக்கம் இறுகிப்போகும். வழக்கமாக மூன்று விரல் நுழையும் இடத்தில் பாட்டிக்கு ஒன்றரை விரல்தான் நுழைந்தது. நாங்கள் இருவரும் திரும்பித் தியேட்டருக்கு நடந்தோம், மறுநாளைக்குச் சின்ன டியூபும் மூக்கு வழியாக இறக்கும் கமராவும் எடுத்து வைக்க.