‘ஆல் பாஸ்’ ஆவதற்கு முன் அஜெண்டாவில் பார்க்க வேண்டியவை

நகர்மன்றக் கூட்டம் என்றால் மறுநாள் பேப்பரில் வருவது இரண்டு படம்தான்: காலிக்குடத்தோடு நிற்கும் கவுன்சிலர், இல்லையென்றால் வெளிநடப்பு. கூட்டத்தில் என்ன முடிவானது என்று தெரிய வேண்டுமானால், கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உறுப்பினர்களுக்குப் போய்ச் சேரும் அஜெண்டாக் கட்டை, அதாவது கூட்டப் பொருள்களின் பட்டியலைப் படிக்க வேண்டும். நாற்பது, ஐம்பது பொருள் இருக்கும். பல ஊர்களில் மன்றத்தில் அது முழுதாகப் படிக்கப்படுவதில்லை. எழுத்தர் எண்ணைச் சொல்வார், யாராவது ஒருவர் “ஆல் பாஸ்” என்பார், முடிந்தது.

பொள்ளாச்சி 36 வார்டு, மன்னார்குடி 33 வார்டு என்று ஊருக்கு ஊர் அளவு மாறினாலும் அஜெண்டாவின் அச்சு ஒன்றுதான். 2023 ஏப்ரலில் பழைய 1920ஆம் ஆண்டுச் சட்டம் போய், 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் புது விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அஜெண்டா எழுதும் நடை மட்டும் மாறவேயில்லை. முதலில் ‘பொருள்’, அடுத்து ‘பார்வை’ (எந்தக் கடிதம், எந்த அரசாணை, எந்த ந.க. எண், அதாவது கோப்பு எண்), பிறகு அலுவலகக் குறிப்பு, கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரியை முதலில் படியுங்கள். ‘மன்றத்தின் பார்வைக்கு’ என்றால் தகவல். மன்றம் பதிவு செய்துகொண்டால் போதும். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றால் செலவு இனிமேல்தான். கேள்வி கேட்டால் பலன் உண்டு. ‘மன்றத்தின் பின்னேற்புக்கு’ என்றால் தலைவரின் முன் அனுமதியோடு வேலை முடிந்துவிட்டது, சில சமயம் பில்லும் தயார். கட்டை வாங்கியதும் பின்னேற்புப் பொருள்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றின் தொகையைக் கூட்டிப் பாருங்கள். நாற்பது பொருளில் நாலைந்து பின்னேற்பு இயல்பு. பாதிக்கு மேல் பின்னேற்பு என்றால் அந்த ஊரில் மன்றம் பேருக்குத்தான் இருக்கிறது.

பின்னேற்பு முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. குழாய் உடைந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க முடியுமா? சிக்கல் ‘அவசரம்’ என்ற சொல்லை நீட்டுவதில். உதாரணத்துக்கு இப்படி ஒரு பொருள்: “தலைமை நீரேற்று நிலையத்தில் உள்ள 15 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் பழுதடைந்ததை ரீவைண்டிங் செய்து பொருத்திய வகையில் ஏற்பட்ட செலவினம்...” தொகை பெரிதாக இருக்காது. ஆனால் கடந்த ஓராண்டு அஜெண்டாக்களை எடுத்து வைத்துக்கொண்டால், அதே மோட்டார் மூன்று, நான்கு முறை வந்திருப்பது தெரியும். நல்ல செம்புக் கம்பி போட்டுச் சுற்றிய மோட்டார் நாலு மாதத்துக்கு ஒரு முறை எரியாது. எரிந்தால் பெரும்பாலும் மூன்று காரணத்தில் ஒன்று இருக்கும். ஒரு பேஸ் போய்விட்டாலும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். பேனலில், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வேலை செய்யவில்லை. அல்லது ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கி வறட்டு ஓட்டம் ஓடியிருக்கும். நீர்மட்டக் காவல் கருவி இல்லை. அல்லது மின்னழுத்தம் குறைவு. மூன்றுக்கும் மருந்து பேனல் போர்டில் இருக்கிறது, ரீவைண்டிங் பில்லில் இல்லை. அதனால் மன்றத்தில் கேட்க வேண்டியது “ஏன் இவ்வளவு செலவு” என்பதல்ல. அதற்கு விலைப்புள்ளியைக் காட்டிவிடுவார்கள். “மோட்டாரின் வரிசை எண் என்ன, லாக் புத்தகத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, எரிந்ததற்குக் காரணம் என்ன என்று பொறியாளர் எழுதியிருக்கிறார்” என்று கேளுங்கள். நான்கு ரீவைண்டிங் பில்லைக் கூட்டினால் புது மோட்டார் விலையை நெருங்கும் இடங்கள் உண்டு.

விலைப்புள்ளிகளையும் பாருங்கள். மூன்று கடையின் கொட்டேஷனும் ஒரே தேதியில், ஒரே எழுத்துருவில், ஒரே எழுத்துப் பிழையோடு இருக்கும். அதே வேலையை ‘வார்டு 1 முதல் 9’, ‘வார்டு 10 முதல் 18’ என்று துண்டு போட்டிருந்தால் பெரும்பாலும் டெண்டர் வரம்புக்குக் கீழே வைப்பதற்காகத்தான். ஒரே மாதம், ஒரே வகை வேலை, வரம்புக்குச் சற்றுக் கீழே தொகை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஏன் சேர்த்து டெண்டர் விடவில்லை என்று கேட்கலாம்.

டெண்டர் பொருள்கள் தனி உலகம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000. இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். இதைக் குறைத்துக் ‘குறுகிய கால’ டெண்டர் விட வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். அஜெண்டாவில் அந்தக் குறிப்பு ‘பார்வை’யில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, யார் என்ன விலை போட்டார்கள் என்று காட்டும் ஒப்புநோக்குப் பட்டியல். இருவர் மட்டும் கலந்துகொண்டு, ஒருவர் மதிப்பீட்டைவிட அரை சதவீதம் குறைவு, மற்றவர் ஒரு சதவீதம் அதிகம் என்றால், அடுத்த நாலு பொருளையும் புரட்டுங்கள். அங்கேயும் அதே இருவர், இடம் மட்டும் மாறி, வந்தால் புரிந்துகொள்ளலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: 25 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தால் கைதட்ட வேண்டாம். மதிப்பீட்டை ஊதிப் பெருக்கியிருக்க வேண்டும், அல்லது வேலை சுருங்கப் போகிறது.

வேலை சுருங்குவது எப்படி என்பதற்கு ஒரு கணக்கு. நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் கொண்ட சிமென்ட் சாலைக்கு 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். கன மீட்டருக்குச் சுமார் ஏழு மூட்டை சிமென்ட் என்று வைத்தால் 315 மூட்டை. கனம் 12 செ.மீ. ஆனால் 36 கன மீட்டர், 252 மூட்டை. மூன்று சென்டிமீட்டரில் 63 மூட்டை சிமென்டும், ஒன்பது கன மீட்டருக்கான ஜல்லியும் மணலும் மிச்சம். சாலை போட்டு முடிந்தபின் நடுவில் யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். ஓரத்தில் மட்டும் பலகை வைத்து 15 செ.மீ. காட்டிவிட்டு நடுவில் தரையை மேடாக விட்டுவிடுவதும் நடக்கும். ஆகையால் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே, இரண்டு பக்கப் பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி, நடுவில் டேப் வைத்து அளக்க வேண்டும். தெருக்காரர் யாரும் செய்யலாம். இரண்டு நிமிட வேலை. ஈரப்படுத்துவது பல நாள் நடக்கிறதா, சுருக்கப் பிளவுக்கான வெட்டு மறுநாளுக்குள் போடப்பட்டதா என்பதும் கண்ணுக்குத் தெரிவதுதான். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் முதல் மழைக்கே தண்ணீர் வீட்டுக்குள் வரும். மதிப்பீட்டில் சுரண்டி எடுக்கும் வேலைக்குத் தனி இனம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் அஜெண்டாவிலேயே தெரிந்துவிடும். பொருள் 11இல் ஒரு வார்டுக்கு பேவர் பிளாக். பொருள் 27இல் அதே வார்டுக்கு மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் குடிநீர்ப் பகிர்மானக் குழாய். இரண்டும் தனித்தனிக் கோப்பு, தனித்தனிப் பிரிவு, இரண்டும் பாஸ். கல் பதித்த சில மாதத்தில் தோண்டுவார்கள். குழாய் முதலில், வீட்டு இணைப்பு அடுத்து, சாலை கடைசியில். இந்த வரிசையை மன்றத்தில் ஒருவர் சொன்னாலே பொருள் 11 ஒத்திவைக்கப்படும்.

பிளீச்சிங் பவுடர் கொள்முதலை யாரும் பார்ப்பதில்லை. ஒரு லட்சம் லிட்டருக்கு 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) குளோரின் போட 200 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் 33 சதவீதம் வீரியம் இருந்தால் சுமார் 600 கிராம், 25 சதவீதமாக இறங்கியிருந்தால் 800 கிராம். நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் விநியோகிக்கும் ஊருக்கு, நல்ல பவுடர் என்றால், தினம் 30 கிலோ, மாதம் 900 கிலோ. 25 கிலோ மூட்டையில் 36. சாக்கடை ஓரம் தூவுவது தனி. வாங்கிய மூட்டை இதில் பாதிகூட இல்லையென்றால் குளோரின் போடவில்லை என்று பொருள். கடைசித் தெருக் குழாயில் 0.2 பி.பி.எம். எஞ்சியிருக்காது. ஆறு மாதச் சரக்கை ஒரேயடியாக வாங்கியிருந்தால் அதுவும் கோளாறு. ஈரமான கிடங்கில் பவுடர் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும்.

குத்தகைப் பொருள்கள் ஜனவரி முதல் மார்ச் வரை குவியும்: வாரச்சந்தை, பேருந்து நிலையச் சுங்கம், இருசக்கர வாகனக் காப்பகம், கட்டணக் கழிப்பிடம், ஆடு அடிக்கும் தொட்டி. ஏப்ரல் 1 முதல் புது ஆள். இங்கே விளையாட்டு, ஏலத்துக்கு ஆளே வராமல் செய்வது. ஒருமுறை, இருமுறை, மூன்று முறை ஏலம் ‘கேட்பார் இல்லை’ என்று தள்ளிப்போகும். பிறகு ‘அலுவலக வசூல்’ என்று ஊழியர்களை வைத்துத் தண்டுவார்கள். அந்தத் தினசரி வசூல் குறைவாகக் காட்டப்படும். அதை ஆதாரமாக வைத்து அடுத்த அஜெண்டாவில் ‘குறைந்தபட்ச ஏலத் தொகையைக் குறைக்க’ ஒரு பொருள் வரும். அது வரும்போது, அலுவலக வசூல் நடந்த நாள்களின் ரசீதுப் புத்தக எண்களையும் நாள்வாரித் தொகையையும் கேளுங்கள். சந்தை நாளும் வெறும் நாளும் ஒரே தொகை காட்டினால் ரசீது போடாமல் வசூல் நடந்திருக்கிறது.

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். நகராட்சிக்குப் பை மூன்று: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்குக் ‘கடனாக’ எடுத்துச் சம்பளம் போடுவது நடக்கும்; அது திரும்பி வந்ததா என்பதே கேள்வி. குடிநீர்க் கட்டணம் கட்டும் ஊரில் குழாய் மாற்றப் பணமில்லை என்றால் இங்கே தேடுங்கள். சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆனால் அஜெண்டாவில் தேட வேண்டியது வரி நிலுவைப் பட்டியல். பெரிய நிலுவைதாரர் யார் என்பது பெரும்பாலும் இணைப்பில் இருக்காது.

இனி கூட்டம். கவுன்சிலர்கள் அதிகம் பேசுவது அஜெண்டாவில் இல்லாததை: தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அள்ளவில்லை. தலைவர் “பார்க்கச் சொல்கிறேன்” என்பார். அது கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் ஏறாது. ஏற வேண்டுமானால் கோரிக்கையை அஜெண்டா தயாராகும் முன் எழுத்தில் கொடுத்து, ந.க. எண் வாங்கி, பொருளாக வைக்கச் சொல்ல வேண்டும். தீர்மான எண் இருந்தால்தான் அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்க முடியும்.

வெளிநடப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வெளியே போய்ப் பேட்டி கொடுக்கும் பத்து நிமிடத்தில் உள்ளே கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, குறையாமல் இருக்கும், எல்லாப் பொருளும் ‘ஏகமனதாக’ நிறைவேறும். பின்னாளில் தணிக்கையோ வழக்கோ வந்தால் எதிர்ப்பு இருந்ததற்கு எழுத்தில் ஒரு தடயமும் இராது. உட்கார்ந்து, பொருள் எண்ணைச் சொல்லி, “ஆட்சேபம், காரணம் இது” என்று எழுதிக் கொடுத்து, மினிட்டில் ஏற்றச் சொல்வதுதான் பலனுள்ள எதிர்ப்பு.

கவுன்சிலர் அல்லாதவருக்கு வழி தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, பொதுத் தகவல் அலுவலருக்கு. பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முப்பது நாளில் பதில். “ஊழல் பற்றிய விவரம் தருக” என்று எழுதினால் ஒன்றும் வராது. தீர்மான எண், தேதி போட்டு, மதிப்பீடு, ஒப்புநோக்குப் பட்டியல், வேலை உத்தரவு, எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கம், பில் ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும் பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. சாலை வேலைக்கு அந்த மனுவை வேலை உத்தரவு வந்த வாரமே போட்டுவிடுங்கள். கான்கிரீட் காய்ந்தபின் பதில் வந்து பயனில்லை.