கராபக்கில் கோட்டை விட்டேன், சோமாலிலாந்தில் பிடித்தேன்

தேர்வு முடிவு வந்து நாலு நாள் ஆகிறது. பட்டியலில் பெயர் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில்தான். பரவாயில்லை. போன முறை சர்வதேச உறவுகள் தாளில் என்னைக் கவிழ்த்த அதே தலைப்புதான் இந்த முறை கை கொடுத்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முறை வந்த கேள்வி: பிரிந்துபோன பகுதிகளை அங்கீகரிப்பது அண்டை நாடுகளின் பகையை எப்படி மாற்றுகிறது? நான் முதல் ஒன்றரைப் பக்கத்தை எது நாடு என்று வரையறுக்கும் மொண்டேவீடியோ ஒப்பந்தத்துக்கே கொடுத்தேன். அதுகூடப் போகட்டும். அடுத்து, அசர்பைஜானிலிருந்து பிரிந்து நின்ற ஆர்மீனியர் பகுதியான கராபக் பற்றி, "நகோர்னோ-கராபக்கை ஆர்மீனியா அங்கீகரித்ததால் அசர்பைஜானுடன் பகை முற்றியது" என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். வெளியே வந்து படி இறங்கும்போதுதான் உறைத்தது. ஆர்மீனியா அங்கீகரிக்கவே இல்லை! படை கொடுத்தது, பணம் கொடுத்தது, அங்கிருந்தவர்களுக்கு பாஸ்போர்ட்கூடக் கொடுத்தது. அங்கீகாரம் மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் அசர்பைஜான் ஒரே நாளில் அந்தப் பகுதியைப் பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வெளியேறினார்கள். 2024 ஜனவரி 1 அன்று அந்தக் 'குடியரசு' தன்னையே கலைத்துக்கொண்டது.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பெண் போனது என்று தெரியாது. ஒரு வருடம் போனது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு இந்தத் தலைப்பைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தேன். யார் யாரை அங்கீகரித்தார்கள் என்ற பட்டியல் எல்லாரிடமும் இருக்கும். அங்கீகரிக்க எல்லாக் காரணமும் இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் யார் என்று ஒரு தாளில் குறித்தேன்:

ஆர்மீனியா, கராபக்கை. அங்கீகரித்த நிமிடமே பேச்சுவார்த்தைக் கதவு மூடிவிடும், போருக்கும் சாக்கு கிடைத்துவிடும்.

ரஷ்யா, மால்டோவாவின் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவை. 1992 போருக்குப் பிறகும் படை அங்கேயே இருக்கிறது, அங்கீகாரம் இல்லை. அதே ரஷ்யா 2008 ஆகஸ்ட் 26 அன்று ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேஷியாவையும் அங்கீகரித்தது. ஜார்ஜியா உடனே தூதரக உறவை முறித்தது, இன்றுவரை ஒட்டவில்லை. மால்டோவாவுக்கு அந்த ஆசையையும் பயத்தையும் இன்னும் காட்டலாம். ஜார்ஜியாவிடம் அந்தச் சீட்டு செலவாகிவிட்டது.

ஸ்பெயின், செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை. அண்டை நாடு இல்லை, ஆனால் பிரிவினை கேட்கும் கட்டலோனியா வீட்டுக்குள் இருக்கிறது.

எத்தியோப்பியா, சோமாலிலாந்தை. இதுதான் இந்த முறை எனக்குச் சோறு போட்டது.

கேள்வி ஆப்பிரிக்காவின் கொம்பு, அதாவது எத்தியோப்பியா, சோமாலியா இருக்கும் கிழக்கு முனை பற்றியது. பதிலின் ஓரத்தில் நாலு புள்ளி வைத்தேன்: பிரிந்த பகுதி, அது விட்டுப் போன நாடு, அங்கீகரிக்க வரும் அண்டை நாடு, அந்த அண்டை நாட்டின் பழைய எதிரி. நாலாவது புள்ளியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். 1993இல் எரித்திரியா பிரிந்ததும் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. சோமாலியாவிலிருந்து பிரிந்து 1991இலிருந்து தனியாக இயங்கும் சோமாலிலாந்திடம் பெர்பெரா துறைமுகம் இருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று எத்தியோப்பியாவுக்குக் கடல்வழி தருவது பற்றி இரண்டும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. பதிலுக்கு அங்கீகாரம் கிடைக்கும் என்றது சோமாலிலாந்து. பரிசீலிப்போம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது எத்தியோப்பியா. அங்கீகாரம் வரவே இல்லை. ஆனால் சோமாலியா கொதித்தது. நைல் நதியில் எத்தியோப்பியா கட்டிய அணை விவகாரத்தில் அதனோடு ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்த எகிப்து, நாலாவது புள்ளியாக உள்ளே வந்தது. ஆகஸ்டில் எகிப்துக்கும் சோமாலியாவுக்கும் பாதுகாப்பு ஒப்பந்தம், கூடவே ஆயுதங்கள். அக்டோபரில் எகிப்து, சோமாலியா, எரித்திரியா மூன்றும் எரித்திரியத் தலைநகர் அஸ்மராவில் கூடின. டிசம்பர் 11 அன்று அங்காராவில் எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் துருக்கி நடுவில் உட்கார்ந்து தணித்துவைத்தது. நைல் சண்டை செங்கடல் வரை நீள, அங்கீகரிக்கலாம் என்ற பேச்சே போதுமாக இருந்தது. இதைத்தான் எழுதினேன், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் எழுதவில்லை. (2025 டிசம்பர் 26 அன்று இஸ்ரேல் சோமாலிலாந்தை அங்கீகரித்துவிட்டது. அடுத்து எழுதுபவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பயிற்சித் தேர்வில் இதே நாலு புள்ளிப் படத்தைத் திருத்தியவர் சிவப்பு மையில் சுழித்து, "இது புவியியல் தாளா?" என்று கேட்டிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மேற்கு சஹாராவை மட்டும் தயவுசெய்து ஆழமாகப் படியுங்கள். அங்கே அங்கீகாரம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மொராக்கோ தனதென்று சொல்லும் அந்தப் பகுதியில் தனிநாடு கேட்டவர்கள் அறிவித்த சஹ்ராவி குடியரசை 1976இல் அல்ஜீரியா அங்கீகரித்தது, மொராக்கோ உறவை முறித்தது. 1988இல் சேர்ந்தார்கள், 1994இல் எல்லை மூடியது, 2021இல் அல்ஜீரியா முறித்தது. இடையில் 2020 டிசம்பரில் அமெரிக்கா அங்கே மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றது. 2022இல் ஸ்பெயின் மொராக்கோ பக்கம் சாய்ந்ததும் ஸ்பெயினுடனான நட்புறவு ஒப்பந்தத்தை அல்ஜீரியா நிறுத்திவைத்தது. 2024இல் பிரான்ஸும் சாய, அங்கிருந்த தன் தூதரை அல்ஜீரியா திரும்ப அழைத்தது. இரண்டு அண்டை வீட்டார் சண்டையில் மூன்றாம் வீட்டுக்காரர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பதே ஒரு குற்றம் ஆகிவிடுகிறது.

சரி, மற்றவை சுருக்கமாக:

- மொண்டேவீடியோவுக்கு மூன்று வரி. நாலாவது வரி உங்கள் பயம்.
- 1971ஐ எல்லாரும் எழுதுவார்கள். டிசம்பர் 6 வங்கதேசத்தை இந்தியா அங்கீகரித்தது, பாகிஸ்தான் உறவை முறித்தது. 1974இல் பாகிஸ்தானே அதை அங்கீகரித்தது. போதும்.
- ஒப்புதலோடு நடந்த பிரிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். எரித்திரியாவின் பிரிவை எத்தியோப்பியாவே ஏற்றது; 1998இல் பாத்மே எல்லைக்காகப் போர் மூண்டது. தெற்கு சூடானை முதலில் அங்கீகரித்ததே சூடான்தான். மறு வருடமே ஹெக்லிக் எண்ணெய் வயலில் மோதிக்கொண்டார்கள். எல்லைக்கோடு போடாமல் கொடுத்த அங்கீகாரம் என்று ஒரு வரி சேர்த்தேன்.
- தேதி சந்தேகமா, ஆண்டு மட்டும். ஆண்டும் சந்தேகமா, விட்டுவிடுங்கள்.
- அறிஞர்களின் மேற்கோள் ஒன்றுகூட நான் மனப்பாடம் செய்யவில்லை. உங்களுக்கு வருமென்றால் செய்யுங்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். கராபக் தவறே அப்படி யாரோ சொல்லித் தலையாட்டியதில் வந்தது.

இந்த முறை கராபக்கைக் கேட்கவே இல்லை. இருந்தாலும் கடைசியில் அரை வரி சேர்த்தேன், ஆர்மீனியா அங்கீகரிக்கவில்லை என்று. அடிக்கோடு போடவில்லை.