அசையாத நிலாவும் வெண்ணாரியும்: என் ஃபேண்டஸி உலகம் இதுவரைக்கும்

என் கற்பனை உலகத்துக்கு ஒரு நிலா தெய்வம் வேணும்னு ரொம்ப நாளா ஓடிட்டே இருந்துச்சு, பேரு மட்டும் முதல்லயே வந்துருச்சு, வெண்ணாரி. ஆனா வெள்ளிக் கிரீடம், பௌர்ணமி பூஜைன்னு எழுதினா அது எந்த உலகத்துலயும் இருக்கக்கூடிய தெய்வமாத்தான் வந்துச்சு. அதனால தெய்வத்த தள்ளி வச்சுட்டு நிலாவ முதல்ல கையில எடுத்தேன்.

புளூட்டோவும் அதோட துணைக்கோள் கேரனும் ஒண்ணுக்கொண்ணு எப்பவும் ஒரே முகத்த காட்டிக்கிட்டு 6.4 நாளுக்கு ஒருமுறை சுத்தி வருதுங்க. நம்ம நிலாவும் பூமிக்கு ஒரே முகத்ததான் காட்டுது, ஆனா பூமி தனியா சுழல்றதால அது உதிச்சு மறையுது. அங்க ரெண்டுமே பூட்டிக்கிட்டதால கேரன் வானத்துல ஒரே இடத்துல அப்படியே நிக்கும், புளூட்டோவோட ஒரு பாதிக்கு எப்பவும் தெரியும், மறுபாதிக்கு எப்பவுமே தெரியாது. பாக்குறதுக்கு நம்ம நிலாவ போல ஏறக்குறைய 7 மடங்கு அகலம். இத அப்படியே என் உலகத்துக்கு எடுத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் வழிபாட்ட நான் யோசிக்கவே வேண்டியிருக்கல, மேப்ல இருந்தே வர ஆரம்பிச்சுது.

நிலா நகராட்டியும் தேயும், வளரும். ஒரு பகல் ஒரு இரவுக்குள்ளயே அமாவாசையும் பௌர்ணமியும் வந்து போயிரும். நிலா நேர் உச்சியில இருக்கற நடுநாட்டுல நடுராத்திரி முழுநிலா, நட்டநடுப் பகல்ல அமாவாசை. கிழக்கே போகப் போக வெண்ணாரி மேற்கு பக்கமா இறங்கிட்டே வருவா, கிழக்கு எல்லையில மேற்கு அடிவானத்துல உக்காந்திருப்பா, அங்க சூரியன் சாயங்காலம் அவகிட்ட போய்த்தான் மறையும். மேற்கு எல்லையில எல்லாம் தலைகீழ், அவ கிழக்கு அடிவானத்துல இருக்கா, சூரியன் அவகிட்ட இருந்துதான் காலையில வெளிய வரும். அதனால மேற்கு எல்லை ஜனங்களுக்கு வெண்ணாரி சூரியன பெத்த தாய், கிழக்கு எல்லைக்காரங்களுக்கு சூரியன விழுங்குறவ, அங்க பொணத்த அவ இருக்கற திசைக்கு தலை வச்சுத்தான் புதைப்பாங்க. ஒரே தெய்வம், ரெண்டு பேரும் கண்ணால பாத்ததத்தான் சொல்றாங்க, ஆனா ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் ஏத்துக்கவே முடியாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

நடுநாட்டுக்கு கிரகணம் வச்சிருக்கேன். உலகத்தோட அச்சு சாய்ஞ்சிருக்கறதால தினமும் சூரியன் அவளுக்கு பின்னாடி போகாது, கொஞ்சம் வடக்கயோ தெக்கயோ விலகிப் போகும், பகலும் இரவும் சமமா வர்ற அந்த ரெண்டு காலத்துல மட்டும் தொடர்ந்து பல நாள் நடுப்பகல்ல இருட்டும். அதுதான் திருவிழா. இருட்டு விலகுற வரைக்கும் ராஜா சிம்மாசனத்த விட்டு இறங்கி தரையில உக்காரணும், அந்த நேரத்துல தலைமைப் பூசாரி சொல்றதுதான் சட்டம். பழைய மெசபடோமியாவோட (இப்போதைய ஈராக் பக்கம்) அசீரியாவுல கெட்ட சகுனமான கிரகணம் வந்தா ராஜாவுக்கு பதிலா வேற ஒருத்தர சிம்மாசனத்துல வச்ச வழக்கம் இருந்துச்சு, அதுல இருந்துதான் இந்த யோசனை பிறந்துச்சு. பூசாரி பதவிக்கு அதே மெசபடோமியாவுல ‘ஊர்’ங்கற பேர்ல இருந்த நகரத்த பாத்தேன், அங்க நிலா தெய்வத்தோட பேரு ‘நன்னா’, அது ஒரு ஆண் தெய்வம், அக்காத் ராஜா சார்கோன் தன் மக என்ஹெடுவன்னாவ அவருக்கு தலைமைப் பூசாரியா வச்சாரு, கிட்டத்தட்ட 1700 வருஷம் கழிச்சு கி.மு. 6ஆம் நூற்றாண்டுல பாபிலோன் ராஜா நபோனிடஸும் தன் மகள அதே பதவியில உக்கார வச்சாரு. ராஜாக்கள் கோயில விட்டுக் குடுக்கவே இல்லன்னு தெரியுது. என் நடுநாட்டுலயும் பூசாரி ராஜாவோட மூத்த மகதான், ஆனா பதவிக்கு வந்த நாள்ல இருந்து அப்பான்னு கூப்பிடக்கூடாது.

கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குறது வெண்ணாரி கையில இல்ல. நிலா நகரலன்னா அதோட இழுப்பும் ஒரே பக்கமா நின்னுரும், சூரியனோட இழுப்பு மட்டும்தான் கடல ஏத்தி இறக்கும், நம்ம பூமியில அது நிலாவோடதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மி. அதனால மீனவங்க சூரியனத்தான் கும்பிடுறாங்க, வெண்ணாரி கோயிலுக்கு வரி மட்டும் கட்டுறாங்க.

இப்ப எழுதிட்டு இருக்கறது மறுபாதி. அவங்க அவள பாத்ததே இல்ல, ஆனா ராத்திரி நல்ல இருட்டு, அதனால நட்சத்திரத்த அவங்க அளவுக்கு படிக்கத் தெரிஞ்சவங்க யாருமில்ல. அங்க இருந்து யாத்திரை கிளம்புனா எல்லைக்கு வர்றப்போ அவ விளிம்பு மட்டும் தெரியும், முழுசா மேல வர இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல நடக்கணும், என் உலகம் பூமி சைஸ்தான். அந்த வழி நெடுக சத்திரங்கள், ஒவ்வொண்ணுலயும் அவ எவ்வளவு உயரம் தெரியுறாங்கறதுக்கு கல்லுல கோடு. பாதி வழியில திரும்பிப் போறவங்களுக்கு ஊர்ல என்ன மரியாதைன்னு இன்னும் முடிவு பண்ணல, அடுத்து அதத்தான் எழுதப் போறேன்.