ஜோன்சன் 9.9ஐ 15 ஆக்கிற வேலை

ஏப்ரல் 19, 2025

கனடா ஒன்டாரியோவில இருக்கிற ரைஸ் லேக்கில ஐஸ் போயிட்டுது, இனி எஞ்சினில கை வைக்கலாம். எண்பதுகளில வந்த ஜோன்சன் 9.9, போட்டுக்குப் பின்னால பூட்டிற எஞ்சின், 9.9 குதிரைவலு (எச்பி), டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். இதைச் செய்த கொம்பனியின்ர ஃபாக்டரி ஒண்டு லேக்குக்குக் கிட்ட பீட்டர்பரோவிலயே இருந்தது, பிறகு அந்த இடத்திலதான் கனகாலம் கனூ மியூசியம் நடந்தது. ஊர்க்காரச் சாமான் எண்டு எனக்கு இதில தனிப் பிரியம்.

தனிய போனா நல்லா ஓடும். மூண்டு பேர் ஏறினா முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணியை உழுதுகொண்டு போகுமே தவிர பிளேன் பண்ணாது, அதாவது எழும்பித் தண்ணிக்கு மேலால வழுக்கி ஓடாது. 14 அடி அலுமினியம் போட், போட்டில அடிச்சிருக்கிற தகட்டில 20 எச்பி வரைக்கும் எண்டு இருக்கு, அதால கூட்டிறதில பயமில்லை.

ஏப்ரல் 27

பவர் கூட்டமுதல் போன பவர் எங்க எண்டு பாக்கவேணும். கனபேர் நேர கார்பரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற பாகம்) வாங்க ஓடீனம், எஞ்சின் அரைவாசி செத்துக் கிடக்கிறதைப் பாக்கிறேல்லை. ரெண்டு பிளக்கையும் கழட்டி கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அமுக்கம் எவ்வளவு எண்டு பாத்தன், மேல் சிலிண்டர் 98 பிஎஸ்ஐ, கீழ 84. வித்தியாசம் பத்து வீதத்துக்கு மேல. சிலிண்டருக்குள்ள கார்பன் கரைக்கிற ஸ்ப்ரே அடிச்சு இரவு முழுக்க விட்டு, அடுத்த நாள் சூடாக்கி ஓடவிட, எக்ஸோஸ்டால கறுப்புத் தண்ணி கொட்டிச்சுது, பிறகு அளந்தா கீழயும் 95. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் கார்பனில ஒட்டிக் கிடந்திருக்கு.

எஞ்சினைக் குளிராக்கத் தண்ணி இழுக்கிற பம்பின்ர இம்பெல்லரும் (உள்ள சுத்திற சில்லு) புதுசு போட்டாச்சு. கூட பவர் எண்டா கூடச் சூடு, அதில மிச்சம் பிடிக்கக்கூடாது.

மே 10

கார்பரேட்டர் வந்திட்டுது. விசயம் இதுதான்: 1974ல இருந்து 9.9உம் 15உம் ஒரே பிளொக், 216 சிசி. முக்கிய வித்தியாசம் கார்பரேட்டர்தான், சில வருசத்து மொடலுக்கு உள்ளுக்குள்ள எக்ஸோஸ்ட் குழாயும் வேற, அதால பார்ட் நம்பர் பாக்காம வாங்கப்படாது. 1993ல வந்த 255 சிசி வேற எஞ்சின்.

ரெண்டையும் பக்கத்தில வச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சா கண்ணாலயே தெரியும், 15இன்ர தொண்டை அகலம். பெட்ரோல் வாற துளையான ஜெட்டும் அதுக்கேத்த சைஸ். சிலபேர் சொல்லுறமாதிரி பழைய கார்பரேட்டரைக் கடைஞ்சு பெருப்பிச்சா காத்துக் கூடி பெட்ரோல் குறைஞ்சு பிஸ்டன் ஓட்டையாகும், அந்த வேலைக்கு நான் என்ர எஞ்சினைக் குடுக்கமாட்டன்.

பூட்டின பிறகு த்ரொட்டிலை முறுக்கேக்க கார்பரேட்டரைத் திறக்கிற கேமைச் சரிபண்ணவேணும், கேமில ஒரு கோடு இருக்கு, ரோலர் அந்தக் கோட்டுக்கு நேர வரேக்கைதான் கார்பரேட்டருக்குள்ள காத்தை விடுற பட்டர்ஃபிளைக் கதவு திறக்கத் தொடங்கவேணும். இதை விட்டா எந்தக் கார்பரேட்டர் போட்டும் பிரயோசனமில்லை, இடையில இழுவையே இராது.

மே 19

விக்டோரியா டே லீவு, லேக்கில இறக்கினம். மச்சானும் பெடியனும் நானும், பெட்ரோல் 50க்கு 1 ஓயில். முழுசாத் திறக்க முன்பக்கம் ஒருக்கா எழும்பிப் படுத்திது, பிளேனிங்! ஜிபிஎஸ்ஸில மூண்டு பேரோட மணிக்கு 32 கிலோமீட்டர், போன வருசம் இதே பாரத்துக்கு 20 தாண்டேல்லை. பெடியன் கத்தின கத்தலில பக்கத்து போட்காரரும் கையசைச்சினம்.

முழு வேகத்தில கொஞ்ச நேரம் ஓட்டி, அப்பிடியே ஓஃப் பண்ணி பிளக்கைக் கழட்டிப் பாத்தன். ரெண்டும் நல்ல கோப்பி நிறம். வெள்ளையா இருந்தா பெட்ரோல் காணாது எண்டு அர்த்தம், உடன நிப்பாட்டியிருப்பன்.

ஆனா எஞ்சின் இப்ப கூடக் கத்துது, ஆர்பிஎம் மேல போகுது. 9.9க்கு இருந்த புரொப்பெல்லருக்கு இதுக்குப் பிட்ச் (ஒரு சுத்தில முன்னுக்குத் தள்ளுற தூரம்) காணாது.

மே 31

ஒரு சைஸ் கூடின பிட்ச் புரொப்பெல்லர் போட்டன், எஞ்சின் பூட்டிற பின்பலகையில (ட்ரான்ஸம்) எஞ்சினையும் கொஞ்சம் உயர்த்தி, புரொப்பெல்லருக்கு மேல இருக்கிற பிளேட்டை போட் அடியோட மட்டமாக்கினன். 35க்கு வந்திட்டுது, கத்தலும் குறைஞ்சிட்டுது.

இன்னொண்டு, கனடாவில 10 எச்பியும் அதுக்கு மேலயும் எண்டா போட்டுக்கு லைசன்ஸ் நம்பர் வேணும். மூடியில இன்னும் 9.9 எண்டு ஸ்டிக்கர் இருக்கு, ஆனா உள்ள இருக்கிறது 15, அதால நேற்று ஒன்லைனில விண்ணப்பிச்சிட்டன். பழைய கார்பரேட்டரைக் கழுவி ஓயில் பூசி பெட்டியில வச்சிருக்கு.