மார்க் குறைந்தால் என்ன கேட்கலாம்?

அசைன்மென்ட்டுக்கு மார்க் குறைந்ததும் மேல்முறையீட்டு மனுவில் பலரும் எழுதும் முதல் வரி, "நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன்." வருத்தம் புரிகிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அந்தக் காரணம் செல்லாது. திருத்தியவரின் கல்விசார் முடிவில் மனுவை விசாரிக்கும் குழு தலையிடாது. நடைமுறை சரியாக நடந்ததா என்றுதான் பார்க்கும். கூட்டலில் பிழையா? ஒரு பக்கத்தைத் திருத்தாமல் விட்டார்களா? காலத்தோடு கொடுத்த மருத்துவச் சான்றிதழைக் கண்டுகொள்ளவில்லையா? இப்படி ஏதாவது இருந்தால் மனு நிற்கும்.

அதனால் ரூப்ரிக்கையும் (எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் அட்டவணை) திருத்தியவரின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 'விமர்சனப் பார்வை'க்கு 20-க்கு 8 போட்டுவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லையா? அதைக் கேளுங்கள். முதலில் ஆசிரியரிடமே, தணிவாக. பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மறுமதிப்பீட்டில் மார்க் இறங்கவும் செய்யலாம் என்று சில இடங்களில் விதி இருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை!

அப்புறம் சமர்ப்பிப்பு. கெடு 11:59 என்றால், பெரும்பாலும் கணக்கில் வருவது பதிவேற்றம் முடிந்த நேரம், நீங்கள் பொத்தானை அழுத்திய நேரம் அல்ல. ரசீது வந்ததா பாருங்கள், ஏற்றிய கோப்பைத் திறந்தும் பாருங்கள். பழைய வரைவை ஏற்றிவிட்டு 'மாற்றித் தாருங்கள்' என்று கெஞ்சுவோர் எல்லாப் பருவத்திலும் உண்டு.

எழுத்துத் திருட்டைச் சோதிக்கப் பயன்படும் டர்னிட்டின் (Turnitin) மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அது மற்ற எழுத்துகளோடு உங்கள் எழுத்து ஒத்துப்போகும் அளவுதான். வடிகட்டாவிட்டால் மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் சேரும். திருட்டா இல்லையா என்று சொல்ல ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.