வளைவது வேறு, நெளிவது வேறு, குழைவது வேறு

தண்ணீர்க் குழாயின் உறையில் 'நெகிழ்வான குழாய்'. விஞ்ஞானப் பயிற்சித் தாளில் 'நெகிழ்வான உலோகம்'. வேலை விளம்பரத்தில் 'நெகிழ்வான நேரம்'. ஆங்கிலத்தில் 'பிளெக்சிபிள்' என்று ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒரு சொல்லைப் பிடித்து எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல்லும் பொருத்தமானதல்ல. நெகிழ்வது என்றால் இறுக்கம் விட்டுப்போவது, பிடி தளர்ந்து நழுவுவது. 'தொடியொடு தோள்நெகிழ' என்று 1236ஆம் குறளில் வருவதும் இதுதான்: பிரிவால் தோள் மெலிந்து வளையல் தங்காமல் போகிறது. முடிச்சு நெகிழும், மனம் நெகிழும். குழாய் நெகிழ்ந்தால் பூட்டிய இடத்தில் தண்ணீர் ஒழுகும்.

எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பொருளை அழுத்தி, இழுத்து அல்லது மடக்கிப் பாருங்கள். பிறகு கையை எடுங்கள். கையை எடுத்த பிறகு அது என்ன செய்கிறது? பழையபடி திரும்புகிறதா, விட்டபடி நிற்கிறதா, தொய்ந்து விழுகிறதா, ஒடிகிறதா? தமிழ் வினைச்சொற்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

குசினியிலிருந்தே தொடங்கலாம், மாவைப்போல இதைத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை. இடியப்பத்துக்கு இரண்டு கோப்பை வறுத்த அரிசி மா, உப்பு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ஒன்றரைக் கோப்பையில் தொடங்கி, அகப்பைக் காம்பால் கிளறியபடி கரண்டி கரண்டியாகக் கூட்ட வேண்டும். வெறும் சுடுதண்ணீர் போதாது. அரிசி மாவின் மாப்பொருள் ஏறக்குறைய 65 பாகைக்கு மேல்தான் தண்ணீரைக் குடித்து வீங்கிப் பசையாகும். அந்தப் பசைதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. தண்ணீர் ஆறியிருந்தால் மா நனையுமே தவிர குழையாது. இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்தால் நூல் துண்டு துண்டாக விழும். "மனே, மா இறுகிட்டு, இன்னும் கொஞ்சம் கொதிதண்ணி விடு" என்று குரல் வருவது உரலை அழுத்த முடியாமல் கை நோகும்போது. குழைந்த மா அழுத்திய உருவத்தில் அப்படியே நிற்கும், திரும்பி வராது. நூல் நூலாய்த் தட்டில் கிடப்பது அதனால்தான்.

பிட்டுக்கும் அதே மாதான், ஆனால் அது குழையவே கூடாது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொத்தி, 'பிடித்தால் பிடிபட வேணும், உதிர்த்தால் உதிர வேணும்' என்ற பதத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீர் இரண்டு கரண்டி கூடினாலே கட்டி பட்டு, ஆவி உள்ளே போகாமல் நடுவில் பச்சை மாவாக நிற்கும்.

ரொட்டிக்குக் கோதுமை மாவைப் பிசைந்தால் கதை மாறும். அது இழுபடும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் தண்ணீர் பட்டதும் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. பிசைந்த உடனே தட்டிப் பரத்தினால் வட்டம் சுருங்கித் திரும்பி வரும். அரை மணி நேரம் மூடி வைத்தால் அந்த இறுக்கம் ஆறி, பரத்தின இடத்தில் நிற்கும். இப்போது நம் வீடுகளின் கெட்டித்தனத்தைக் கவனியுங்கள். இடியப்பத்துக்குக் கோதுமை மாவைத் துணியில் கட்டி, அரை மணிக்கு மேல் நீராவியில் அவித்து, சூடு ஆறுமுன் கட்டிகளை உடைத்து அரித்துத்தான் எடுப்பார்கள். அவித்ததும் குளூட்டன் கெட்டுப்போய் வலை பின்னாது. இழுபடுகிற மா குழைகிற மாவாகிவிடுகிறது. பச்சைக் கோதுமை மாவை உரலில் போட்டால் என்னவாகும் என்று அறிய விரும்புபவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், உரலைக் கழுவ நேரம் இருந்தால்.

அடுத்தது வாழையிலை. பச்சை இலையில் சோற்றுப் பார்சல் கட்டினால் மடிப்பில் கிழியும். அதனால் நடுநரம்பின் பின்பக்கத் தடிப்பைக் கத்தியால் சீவிவிட்டு, நெருப்புக்கு மேலே இலையை நகர்த்தியபடி வாட்டுகிறோம். வெளிறிய பச்சை கரும்பச்சையாகிப் பளபளக்கும். மேலுள்ள மெழுகு உருகுவதால் வரும் பளபளப்பு அது. அந்தக் கணமே எடுக்க வேண்டும். நின்றால் கருகி நொறுங்கும். வாட்டிய இலை மடியும். தானாய் வாடிய இலை மடியாது, தொய்ந்து குழையும். வாட்டுவதும் வாடுவதும் ஓரெழுத்து வித்தியாசம், பார்சல்காரருக்கோ இரண்டும் இரண்டு சரக்கு. 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்ற 90ஆம் குறளில் வரும் குழைவும் இந்த வாடல்தான். உருக்கொள்வது, உருவிழப்பது இரண்டையும் 'குழை' ஒன்றே சொல்கிறது: மா குழைந்தால் நல்லது, பூ குழைந்தால் போச்சு. இந்த ஒரு சொல்லை மட்டும் சூழலைப் பார்த்துத்தான் விளங்க வேண்டும்.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், போனவர் திரும்பமாட்டார் என்று வெளியூரார் சொல்வதுண்டு. ஒட்டவைக்க முதலில் பாயை இழைக்க வேண்டுமே. பன்பாய்க்கு வெட்டிய பன் என்ற புல்லைப் பச்சையாய் மடக்கினால் முறியும், காய்ந்ததை அப்படியே மடக்கினால் வெடிக்கும். காயவைத்து, இழைக்கும்போது தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினால் கைக்கு இணங்கும். இங்கே 'இணங்கு' என்பதைவிட நல்ல சொல் இல்லை. ஈரம் கூடினாலும் பிழை: ஊறிய பன் வீங்கியிருக்கும், இழைத்த பாய் காய்ந்ததும் இழை சுருங்கி இடைவெளி தெரியும்.

வளைவுக்கும் நெளிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சைக்கிள் கடையில் பார்க்கலாம். "சில்லு நெளிஞ்சிட்டு" என்றால் சுற்றும்போது இடமும் வலமும் ஆடுகிறது. சைக்கிளைத் தலைகீழாய் வைத்துச் சில்லைச் சுற்றி, றிம் இடப்பக்கப் பிறேக் கட்டையில் உரசும் இடத்தைக் குறித்து, அங்கே வலப்பக்கக் கம்பியின் நிப்பிளை (கம்பியை றிம்மில் பிடிக்கும் சிறு சுரை) கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைக் கால் சுற்று இளக்கினால் சரியாக வரும். ஒரேயடியாக ஒரு சுற்று இறுக்கினால் நெளிவு மறுபக்கம் தாவும். பள்ளத்தில் விழுந்து றிம் உள்ளே அமுங்கியிருந்தால் அது வளைவு. கம்பியைத் திருகி அதை எடுக்க முடியாது, றிம்மை மாற்றுவதுதான் வழி.

துவள்வதற்குத் துணிதான் உதாரணம். மருதமுனைக் கைத்தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவது நூல் பிசிறாமலும் துவளாமலும் தறியில் நிற்க. புதுச் சாரம் மொடமொடவென்று நிற்பதும் அதனால்தான். சில தோய்ச்சலில் கஞ்சி போய் உடம்போடு துவண்டு விழும்.

ஆட்களைப் பற்றிப் பேசும்போதும் இந்தக் கணக்குத் தப்பவில்லை. நெளிவு சுளிவு தெரிந்தவர் என்பது மெச்சுதல். வளைந்து கொடுப்பவர் என்பதில் பாதி மெச்சுதல், பாதி நக்கல். குழைந்து பேசுகிறார் என்றால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது. துவண்டு போனவரைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். வேலை விளம்பரத்தில் 'வசதிக்கேற்ற நேரம்' என்று போட்டாலே எல்லோருக்கும் விளங்கும்.

உலோகத்துக்குத் தகடாகும் தன்மை, கம்பியாக நீளும் தன்மை என்று பிரித்துச் சொல்வதே சரி. செப்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் இறுகி ஒடிந்துவிடும். சூடாக்கி எடுத்தால் மறுபடி வளையும்.

தண்ணீர்க் குழாய் வாங்கப் போனால் உறையைப் பார்க்காதீர்கள். இரண்டு முழம் எடுத்து, ஒரு சாண் அகல வட்டமாகச் சுற்றிப் பிடியுங்கள். வட்டமாகவே நின்றால் அது வளைகிற குழாய். ஓரிடத்தில் தட்டையாகி முறிந்ததுபோல் கோடு விழுந்தால் அது மடங்குகிற குழாய்; தோட்டத்து மூலையில் திருப்பும் இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். விட்டதும் கோடு மறையாமல் வெள்ளையாய்த் தெரிந்தால், வெயிலில் கிடந்த பிறகு அந்த இடத்தில்தான் வெடிக்கும்.