ஞமலி என்றால் என்ன? அகராதிப் புளுகு ஆடும் முறை

ஆறு பேர், எட்டாகக் கிழித்த ஏ4 தாள்கள் சில, ஒரே நிறப் பேனா ஆறு, ஒரு பெரிய அகராதி. இவ்வளவுதான் தேவை. வேலூர் வெயிலுக்கு மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் மொட்டை மாடியில் பாய் விரிக்க முடியாது. அதற்குப் பிறகு உட்கார்ந்தாலும் பத்து மணிக்குள் ஆறு சுற்று தாராளமாக முடியும்.

தெரியாத சொல்லுக்குப் பொய்ப் பொருள் எழுதி மற்றவர்களை ஏமாற்றும் இந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் டிக்‌ஷனரி கேம் என்பார்கள். 1984இல் கனடாவில் ‘பால்டர்டாஷ்’ என்று பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். தமிழில் ஆட அந்தப் பெட்டி தேவையில்லை. யாருக்கும் தெரியாத சொற்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன.

ஒருவர் வாசிப்பவர். அகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, உச்சரித்து, எழுத்துக்கூட்டிச் சொல்கிறார். யாருக்காவது பொருள் தெரிந்தால் உடனே கையைத் தூக்கிவிட வேண்டும், சொல் மாறும். தெரியாதென்றால் மற்ற ஐவரும் மூன்று நிமிடத்தில் ஆளுக்கொரு பொய்ப் பொருள் எழுதி மடித்துக் கொடுக்கிறார்கள். வாசிப்பவர் உண்மைப் பொருளையும் அதே அளவுத் துண்டில் எழுதி, ஆறையும் கலைத்து, எண் போட்டு வாசிக்கிறார். பிறகு வாக்கு. மெய்யைப் பிடித்தவருக்கு 2 புள்ளி. உங்கள் புளுகை நம்பி விழும் ஒவ்வொரு வாக்குக்கும் உங்களுக்கு 1. ஒருவரும் மெய்யைப் பிடிக்காவிட்டால் வாசிப்பவருக்கு 3. அடுத்த சுற்றுக்கு இடது பக்கத்தில் இருப்பவர் வாசிப்பவர்.

வாக்கை வாய்விட்டுக் கேட்காதீர்கள். முதல் ஆள் ‘நாலு’ என்றால் அடுத்த இரண்டு பேரும் நாலுதான் சொல்வார்கள். மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் விரல் நீட்ட வேண்டும்.

ஆட்டம் கெடுவது பெரும்பாலும் வாசிப்பவரால். துண்டுகளை முன்கூட்டியே மனதுக்குள் ஒருமுறை படித்துக்கொள்ளாமல் ஆரம்பித்தால், அடுத்தவர் கையெழுத்தில் தடுக்குவார், தான் எழுதியதை மட்டும் கடகடவென்று வாசிப்பார். மெய் அங்கேயே அம்பலம். ஒரு துண்டு புரியாவிட்டால் எழுதியவரை மட்டும் கூப்பிடக் கூடாது. ஐந்து பேரையும் தனித்தனியாக அழைத்து ஏதோ கேட்பது போலக் கேட்க வேண்டும். ஒரே புளுகை இருவர் எழுதியிருந்தால் ஒன்றாக்கி வாசித்து, விழும் வாக்குக்கு இருவருக்கும் புள்ளி கொடுக்கலாம். குருட்டாம்போக்கில் உண்மையையே எழுதிவிட்டவருக்கு 2 புள்ளி கொடுத்து, அந்தச் சுற்றில் வாக்களிக்காமல் உட்கார வைத்துவிடுங்கள்.

இனி சொல் தேர்வு. தற்காலத் தமிழ் அகராதி இதற்கு உதவாது. அதில் இருப்பதில் பாதி வீட்டில் புழங்கும் சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் போல ஒன்று இல்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம், லட்சத்துக்கு மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் இலவசமாகவே தேடலாம். ஞமலி (நாய்), ஆம்பி (காளான்), நவியம் (கோடாரி), எழினி (திரைச்சீலை), ஞிமிறு (வண்டு), பூழ் (காடை), குணில் (குறுந்தடி): முதல் நாளுக்கு இந்த ஏழு போதும். கூட்டத்தில் குரூப் 4க்குப் படிக்கிறவர் இருந்தால் இதில் பாதி செல்லாது, அது வேறு விஷயம்.

ஞகரத்தில் தொடங்கும் சொல்லைக் கேட்டதும் விவரமானவர்கள் ஞ-வை ந-வாக்கிப் பார்ப்பார்கள். ஞண்டு அப்படித்தான் நண்டு ஆகிவிடும். ஞமலிக்கு அந்த வித்தை பலிக்காது. ‘நமைச்சல் தரும் செடிவகை’ என்று எழுதினால் அவர்களே வந்து விழுவார்கள்.

தெரிந்த சொல்லின் தெரியாத பொருளைக் கேட்பது இன்னும் சுவை. ஆவணம் என்றால் கடைத்தெரு. இறால் என்றால் தேன்கூடு. குளிர் என்றால் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவி. இந்த மூன்றிலும் உண்மைதான் பச்சைப் பொய் மாதிரி ஒலிக்கும், வாசிப்பவருக்கு 3 புள்ளி கிட்டத்தட்ட நிச்சயம்.

புளுகு எழுதக் கற்பனையைவிட அகராதி நடைதான் முக்கியம். அகராதி முழு வாக்கியம் பேசாது. ‘என்று அழைக்கப்படுகிறது’ என்று முடித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை வாடை அடிக்கும். ஆறு சொல்லுக்குள், வினைமுற்று இல்லாமல் எழுதுங்கள். வினைச்சொல்லை லெக்சிகன் ‘-தல்’ போட்டுத் தரும், நீங்களும் அப்படியே போடுங்கள். குணிலுக்கு மூன்று புளுகு பாருங்கள். ‘பாலாற்று மணலில் ஊற்று தோண்டி, அதைச் சுற்றி மண் சரியாமல் வைக்கும் பனையோலை வளையம்’: அழகாக இருக்கிறது, ஆனால் நீளம் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஒரு வகை மரம்’: சுற்றுக்கு ஒருவராவது இதை எழுதுவதால் யாரும் நம்புவதில்லை. ‘மாட்டின் கழுத்துக் கட்டை; தடை’: இது வாக்கு வாங்கும். அரைப்புள்ளி போட்டு இரண்டாவதாக ஒரு பொருளைச் சேர்த்தால் அச்சு அசல் அகராதி முகம் வந்துவிடுகிறது.

உள்ளூர்த் தொழிலை இழுக்கும் புளுகு இந்தப் பக்கம் நன்றாக எடுபடும், ஆனால் ஆள் பார்த்து எழுத வேண்டும். ‘தோல் ஊறவைக்கும் கடுக்காய்த் தண்ணீர்’ என்பதைக் காட்பாடிக்காரர் நம்புவார். ஆம்பூரில் டேனரி வீட்டுப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருந்தால் சிரித்துவிடுவார். குடியாத்தத்தில் தறிச் சொல் என்று எதையாவது அவிழ்த்துவிட்டாலும் இதே கதிதான்.

வட ஆற்காட்டுக்கென்று இன்னொரு சிக்கல், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். லெக்சிகனில் ‘குக்கல்’ என்றிருக்கிறதே என்று ஆசையாக எடுத்தால், சித்தூர்ப் பக்கத்து உறவுக்காரர் எழுதத் தொடங்கும் முன்பே ‘குக்கா, நாய்தானே’ என்பார். நவாப் காலத்து வருவாய்த்துறைச் சொற்களை எடுத்தால் வாணியம்பாடி உருதுக்காரர் முந்திக்கொள்வார். கலப்புக் கூட்டத்துக்குப் பழந்தமிழ்ச் சொல்லே பத்திரம். எடுத்த சொல்லைத் தெலுங்கு தெரிந்த யாரிடமாவது தனியாகக் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் அவரும் ஆட்டத்தில் இருப்பார். அதனால் வாசிப்பவர் ஒன்றுக்கு இரண்டு சொல்லாகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று நான்கு பேர்தான் என்றால் எழுதுவதே வேண்டாம். ஒருவர் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் வாயாலேயே சொல்லட்டும், ஒன்று மட்டும் மெய். பிபிசியில் 1965இல் தொடங்கிய ‘கால் மை பிளஃப்’ நிகழ்ச்சியில் ஒரு அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு பொருள் என்று இப்படித்தான் ஆடினார்கள். மெய்யை எப்போதும் மூன்றாவதாகச் சொல்லும் பழக்கம் எல்லாருக்கும் வரும். அதனால் வாய் திறக்கும் முன் வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.